லேமின் மரபணுவில் பிழை: அம்மாவுக்குக் கரண்ட் வைக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54. இடது மார்பில் இருந்த சின்னப் புற்றுக்கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். மார்பை முழுதாக எடுக்கவில்லை. அக்குள் நெறிகட்டிகளில் பரவவில்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. அடுத்து கரண்ட், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். எங்கள் பயம் வேறு. அம்மாவின் தம்பி 41 வயதில் தூக்கத்திலேயே இறந்துபோனார். அதற்குப் பிறகு செய்த சோதனையில் அம்மாவுக்கு எல்.எம்.என்.ஏ. என்ற மரபணுவில் பிழை இருப்பது தெரிந்தது. துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுக்கும் ஐ.சி.டி. கருவியை இடது காறை எலும்புக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். இந்த மரபணு செல்லின் உட்கரு உறை சம்பந்தப்பட்டது, அதில் பிழை இருந்தால் கதிர்வீச்சின் சேதத்தைச் செல்லால் சரிசெய்ய முடியாது என்று இணையத்தில் படித்தேன். இன்னொரு இடத்தில், அந்தப் புரதம் குறைந்த புற்றுசெல்கள் வேகமாகப் பரவும் என்று இருக்கிறது. வேறொன்றில் அவை கதிர்வீச்சுக்கே சாகாது என்று இருக்கிறது. எதை நம்புவது? அம்மாவுக்குக் கரண்ட் வைக்கலாமா? எனக்கு 28 வயது. நான் இன்னும் சோதனை செய்துகொள்ளவில்லை. எனக்கும் அந்தப் பிழை இருந்தால் மேமோகிராம், எக்ஸ்ரே எடுக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மாவைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் நிதானமாகப் பேசலாம். கரண்ட் வைக்கலாம். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் பார்த்தால் வைத்துக்கொள்வதுதான் நல்லது. இந்த மரபணுப் பிழையைக் காரணமாகச் சொல்லி அதைத் தவிர்க்க வேண்டாம். ஆனால் அப்படி ஒரு பிழை இருப்பது கதிர்வீச்சு மருத்துவருக்கு முதல் நாளே தெரிந்தாக வேண்டும். அம்மாவின் விஷயத்தில் கதிர்வீச்சு மருத்துவர்களான நாங்கள் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியது அவருடைய இதயத்தையும் அந்த ஐ.சி.டி. கருவியையும்தான்.

நீங்கள் படித்தவை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ட உண்மைகள்தான் அவை. ஆனால் எந்தச் செல்லில், எந்த அளவு பிழையில் அதைக் கண்டார்கள் என்ற விவரம் வழியிலேயே உதிர்ந்துபோய், மிச்சம் மட்டும் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த விவரத்தைச் சேர்த்துப் பார்த்தால் பயம் பெருமளவு குறையும் என்று நினைக்கிறேன்.

செல்லின் உட்கருவைச் சுற்றி இரண்டு சவ்வுகள் இருக்கின்றன. உள்சவ்வை ஒட்டி, உட்புறமாக, லேமின் என்ற புரத இழைகள் பின்னிக் கிடக்கின்றன. ஓட்டுக்கூரைக்கு அடியில் ரீப்பரும் சட்டமும் தாங்கி நிற்பதைப் போல இந்தப் பின்னல்தான் உட்கருவின் வடிவத்தைத் தாங்குகிறது. லேமின் ஏ, லேமின் சி இரண்டும் எல்.எம்.என்.ஏ. மரபணுவிலிருந்து வருகின்றன. லேமின் பி1 வேறொரு மரபணுவின் வேலை. டி.என்.ஏ.வின் நீண்ட பகுதிகள் இந்தப் பின்னலில்தான் பிடிமானம் கொண்டிருக்கின்றன. உறையைத் துளைத்து நிற்கும் சன், நெஸ்ப்ரின் என்ற புரதங்கள் உட்கருவை வெளியே செல்லின் எலும்புக்கூட்டோடு இணைக்கின்றன. இதயத்தசை, கைகால் தசை போல இழுபட்டுக்கொண்டே இருக்கும் திசுக்களில் இந்தப் பின்னல் பலவீனமானால் முதலில் அடி வாங்குவது அங்கேதான். உங்கள் மாமாவுக்கு நேர்ந்ததும், அம்மாவுக்குக் கருவி தேவைப்பட்டதும் அதனால்தான். பரம்பரையாக வரும் இதய விரிவு நோய்களில் ஏறத்தாழ 5 முதல் 8 சதவீதம் வரை இந்த ஒரே மரபணுவால் வருகிறது.

இனி கதிர்வீச்சு. மார்பகத்துக்கு இப்போது பரவலாகக் கொடுக்கப்படும் அளவு மூன்று வாரத்தில் 15 முறை, மொத்தம் 40 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஒரு தடவைக்கு 2.67 கிரே. ஒரு கிரே பட்டால் ஒரு செல்லின் டி.என்.ஏ.வில் சுமார் 40 இடங்களில் இரண்டு இழையும் ஒருசேர அறுந்துபோகும். அப்படியானால் ஒரே நாளில் ஒவ்வொரு செல்லிலும் நூறு முறிவுக்கு மேல். நல்ல செல் இதில் பெரும்பாலானதைச் சில மணி நேரத்தில் ஒட்டிவிடும். இதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். முறிந்த இடத்தில் எச்2ஏஎக்ஸ் என்ற புரதம் மாற்றமடைந்து குவியும். அதற்கு ஒளிரும் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், கதிர் பட்டு அரை மணி நேரத்தில் உட்கரு முழுக்கப் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். மறுநாள் அதே செல்களைப் பார்த்தால் ஒன்றிரண்டு புள்ளிதான் மீதி இருக்கும். பழுதுபார்க்க முடியாத செல்லில் மறுநாளும் புள்ளிகள் அப்படியே நிற்கும்.

அப்படி நிற்பதை முதலில் தெளிவாகக் கண்டது புரோஜீரியா என்ற நோயில். பிறந்து சில ஆண்டுகளிலேயே முதுமை வந்துவிடும் அந்தக் குழந்தைகளுக்கு எல்.எம்.என்.ஏ. மரபணுவில் ஒரு குறிப்பிட்ட எழுத்து மாறியிருப்பதை 2003ல் கண்டுபிடித்தார்கள். அந்த மாற்றத்தால் 50 அமினோ அமிலங்கள் குறைந்த, புரோஜெரின் என்ற கோணலான புரதம் உருவாகி உறையில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. இந்தச் செல்களில் முறிவு நேர்ந்தால், பழுதுபார்க்க வர வேண்டிய 53பிபி1 என்ற புரதம் தாமதமாகத்தான் வருகிறது என்று 2005ல் ஹாங்காங் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2009ல் இன்னொரு குழு, லேமின் ஏ அறவே இல்லாத செல்லில் 53பிபி1 புரதமே நிலைக்காமல் சிதைந்துபோகிறது என்று கண்டது. 2011ல் அதே போன்ற செல்களில் பிஆர்சிஏ1, ராட்51 ஆகிய பழுதுபார்க்கும் புரதங்களின் உற்பத்தியும் குறைவதாகத் தெரிந்தது. உறையின் மற்ற உறுப்பினர்களும் இதில் சேர்ந்திருக்கிறார்கள். சன்1, சன்2 இரண்டையும் நீக்கிய எலிச் செல்கள் டி.என்.ஏ. சேதத்தைச் சமாளிக்கத் திணறின. உறையில் இருக்கும் துளைகளில் என்யுபி153 என்ற புரதம் இல்லாவிட்டால் 53பிபி1 உட்கருவுக்குள் நுழையவே சிரமப்படுகிறது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொதுப் போக்கு தெரிகிறது: உறை கெட்டால் செல் கதிர்வீச்சை அதிகம் தாங்காது. புற்றுசெல்லுக்கு அப்படி ஆனால் நமக்கு லாபம், நல்ல செல்லுக்கு ஆனால் நஷ்டம். நீங்கள் முதலில் படித்தது இதைத்தான்.

இரண்டாவதாகப் படித்ததும் சரியே. லேமின் ஏ குறைந்தால் உட்கரு மென்மையாகிவிடும். புற்றுசெல் ஒரு திசுவிலிருந்து இன்னொன்றுக்கு நெருக்கியடித்து நுழையும்போது அந்தப் பெரிய, விறைப்பான உட்கருதான் தடையாக நிற்கும். அது மென்மையானால் நுழைவது சுலபம். ஆனால் அந்தச் சுலபத்துக்கு ஒரு விலை இருக்கிறது. இடுக்கில் பிதுங்கும்போது உறை கிழிந்து டி.என்.ஏ. சேதமாவதை 2016ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் படம் பிடித்துக் காட்டின. லேமின் ஓரளவு குறைந்த செல் வேகமாக நகர்கிறது, மிகவும் குறைந்துபோன செல் அந்த அழுத்தத்திலேயே செத்துவிடுகிறது. ஆக, பரவும் திறனும் கதிர்வீச்சில் சாகும் தன்மையும் ஒரே செல்லில் சேர்ந்தே இருக்கலாம். இரண்டு கட்டுரைகளும் ஒன்றுக்கொன்று முரண் என்று நீங்கள் குழம்பியிருக்கிறீர்கள். உண்மையில் அவை ஒரே செல்லின் இரண்டு குணங்களைச் சொல்கின்றன.

"கதிர்வீச்சுக்கே சாகாது" என்ற மூன்றாவது விஷயத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். கதிர்வீச்சுக்குப் பிறகு பல செல்களில் லேமின் பி1 குறைந்து, அவை சாகவும் செய்யாமல் பெருகவும் செய்யாமல் முதுமை நிலையில் நின்றுவிடுவது உண்டு. அதைக் கதிர்வீச்சைத் தாங்கும் சக்தி என்று சொல்லிவிட முடியாது. பெருகாத செல்லால் கட்டி வளராது. ஒரு கட்டி கதிர்வீச்சுக்கு அடங்காமல் போவதற்கு நாங்கள் அன்றாடம் பார்க்கும் காரணங்கள் வேறு. ரத்த ஓட்டம் சரியாக இல்லாமல் ஆக்சிஜன் கிடைக்காத பகுதியில் இருக்கும் புற்றுசெல்லைக் கொல்ல, ஆக்சிஜன் உள்ள செல்லுக்குத் தேவைப்படுவதைப் போல இரண்டரையிலிருந்து மூன்று மடங்கு அளவு வேண்டும். சிகிச்சை நடுவில் நின்றுபோனால் மிஞ்சிய செல்கள் அந்த இடைவெளியில் பெருகிவிடும். இந்த இரண்டோடு ஒப்பிட்டால் லேமினின் பங்கு சிறியது. அம்மாவுக்கோ கட்டியே எடுத்தாயிற்று. கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது தங்கியிருக்கக்கூடிய சில செல்களுக்காகத்தான் இந்தச் சிகிச்சை. அவற்றுக்கு ஆக்சிஜன் பஞ்சமும் இல்லை.

சமீப காலத்தில் உறையைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கதிர்வீச்சில் சேதமான செல் அதோடு இரண்டாகப் பிரிந்தால், அறுந்த குரோமோசோம் துண்டுகள் உட்கருவுக்கு வெளியே சின்னச் சின்ன உருண்டைகளாகத் தங்கிவிடும். அவற்றுக்கும் ஓர் உறை உண்டாகும். ஆனால் அதில் லேமின் பி1 போதுமான அளவு இருக்காது, சீக்கிரம் கிழிந்துவிடும். 2013ல் இது தெரிந்தது. கிழிந்ததும் டி.என்.ஏ. செல்லுக்குள்ளேயே, உட்கருவுக்கு வெளியே உள்ள பகுதியில் கொட்டும். வைரஸ் புகுந்துவிட்டது என்று செல்லின் காவல் புரதமான சிகாஸ் எச்சரிக்கை எழுப்பும், இன்டர்ஃபெரான் சுரக்கும், நோய் எதிர்ப்புச் செல்கள் அந்த இடத்தைத் தேடி வரும். 2017ல் இந்தத் தொடரை விளக்கும் ஆய்வுகள் வந்த பிறகு, கதிர்வீச்சையும் எதிர்ப்புச் சக்தி மருந்துகளையும் எப்படிச் சேர்ப்பது என்ற ஆராய்ச்சி சூடு பிடித்தது. உறை கிழிவது எப்போதும் கெடுதல்தான் என்று எண்ண வேண்டாம் என்பதற்காக இதைச் சொன்னேன். உங்கள் அம்மாவின் சிகிச்சையில் இதை வைத்து மாற்ற வேண்டியது எதுவும் இல்லை.

சரி, ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டது அம்மாவுக்கு ஏன் அப்படியே பொருந்தாது?

அந்தச் சோதனைகளில் பெரும்பாலும் லேமின் ஏ முழுதாக நீக்கப்பட்டிருந்தது. அம்மாவுக்கு எல்.எம்.என்.ஏ. மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில்தான் பிழை, மற்றொன்று நன்றாகவே வேலை செய்கிறது. எலிகளில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இரண்டு பிரதியும் இல்லாத எலிகள் எட்டு வாரத்துக்குள் இறந்துவிடுகின்றன, ஒரு பிரதி உள்ளவை அதையெல்லாம் தாண்டி வாழ்கின்றன. புரோஜீரியா கதையும் தனி. அங்கே கோளாறு செய்வது லேமின் குறைபாடு இல்லை, புரோஜெரின் என்ற கெட்ட புரதம். இதய நோய் குடும்பங்களில் காணும் பிழைகள் அந்தப் புரதத்தை உண்டாக்குபவை அல்ல.

கட்டிக்குள்ளே நிலைமை இன்னும் மாறுபடும். எல்.எம்.என்.ஏ. மரபணு முதலாம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் இருக்கிறது. மார்பகப் புற்றுசெல்களில் இந்தக் கரம் கூடுதல் பிரதியாகப் பெருகிக் கிடப்பது அடிக்கடி காணப்படும் மாற்றம். ரத்தத்தில் செய்த மரபணுச் சோதனையை வைத்து, அம்மாவின் கட்டியில் லேமின் எவ்வளவு இருந்தது என்று யூகிக்கக்கூட முடியாது.

எந்தெந்தப் பரம்பரைப் பிழைகளுக்காக நாங்கள் கதிர்வீச்சைத் தவிர்க்கிறோம், தயங்குகிறோம் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஏ.டி.எம். மரபணுவின் இரண்டு பிரதியும் கெட்டுப்போன அட்டாக்சியா டெலான்ஜியெக்டேசியா நோயாளிகளுக்கு வழக்கமான அளவு கதிர்வீச்சு கொடுத்தால் திசுவே அழிந்துபோகும். டிபி53 மரபணுவில் பிறவிப் பிழை உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் கதிர்வீச்சாலேயே இன்னொரு புற்று வரும் ஆபத்து உண்டு. அதனால் அவர்களுக்கு மார்பை முழுதாக எடுப்பதை விரும்புவோம். பரம்பரை மார்பகப் புற்றுக்காக அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் 2020ல் வெளியிட்ட வழிகாட்டி டிபி53 விஷயத்தில் இப்படி எச்சரிக்கிறது. ஏ.டி.எம். மரபணுவில் ஒரே ஒரு பிரதி மட்டும் கெட்டவர்களுக்கோ கதிர்வீச்சு கொடுக்கலாம் என்கிறது. ஏ.டி.எம். போன்ற, பழுதுபார்க்கும் வேலையின் தலைவனிலேயே ஒரு பிரதி கெட்டிருந்தாலும் சிகிச்சை தரலாம் என்றால், அந்த வேலைக்குப் பக்கபலமாக மட்டும் இருக்கும் லேமினில் ஒரு பிரதி கெட்டதற்காக நிறுத்துவதில் நியாயம் இல்லை.

நடுவில் ஒரு விஷயம். கட்டியில் எடுத்த மரபணு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எஸ்.ஒய்.என்.இ.1 பிழை என்று போட்டிருக்கிறதே, கரண்ட் வேலை செய்யுமா" என்று கேட்பவர்கள் உண்டு. அதுவும் உட்கரு உறைப் புரதம்தான், நெஸ்ப்ரின்-1. அதன் முழு வடிவத்தில் 8,797 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. டிபி53 மரபணு உருவாக்கும் பி53 புரதத்தில் 393தான். இவ்வளவு நீளமான மரபணுவில் புற்றுசெல் பெருகும்போது தற்செயலாகவே எங்காவது ஓர் எழுத்து மாறிவிடும். ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைப் பார்த்து யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது இதயம். உங்கள் அம்மாவின் சிகிச்சையில் நான் மிகுந்த நேரம் செலவிட விரும்புவது இங்கேதான்.

இடது மார்புக்குப் பின்னால்தான் இதயம் இருக்கிறது. மார்பகப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்ற பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2013ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, இதயத்தின் மீது விழும் சராசரி அளவு ஒரு கிரே கூடினால் மாரடைப்பு போன்ற பெரிய பிரச்சினைகளின் ஆபத்து 7.4 சதவீதம் ஏறுகிறது என்று காட்டியது. இது நல்ல இதயம் உள்ளவர்களையும் சேர்த்த கணக்கு. ஏற்கெனவே பலவீனமான இதயத்தில் நாம் கூடுதலாக ஒரு சுமையும் ஏற்றக்கூடாது. நல்ல வேளையாக, இதயத்தை விலக்கி வைக்க இன்று எளிய வழி ஒன்று இருக்கிறது. சிகிச்சைக்கு முன் சிடி எடுக்கும் அறையில் அம்மாவைப் படுக்க வைத்து, ஆழமாக மூச்சை இழுத்து இருபது நொடி போல அடக்கச் சொல்வார்கள். மூச்சு நிறைந்ததும் நுரையீரல் விரிந்து இதயத்தைக் கீழேயும் பின்னாலும் தள்ளிவிடும். சாதாரண மூச்சில் எடுத்த படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மார்புச் சுவரை ஒட்டியிருந்த இதயத்துக்கும் கதிர் செல்லும் பாதைக்கும் நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி விழுந்திருப்பது நமக்கே தெரியும். அந்தப் படத்தைக் காட்டச் சொல்லி அம்மாவும் நீங்களும் பாருங்கள், மனதுக்குத் தைரியம் வரும். வீட்டிலேயே ஒரு வாரம் மூச்சடக்கிப் பழகிக்கொண்டு போனால் அங்கே பதற்றம் இருக்காது. அதற்கு முன் அவருடைய இதய மருத்துவரிடம் மூச்சடக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கட்டி சின்னது, நெறிகட்டியில் இல்லை என்பதால், மார்பு முழுவதற்கும் கொடுக்காமல் கட்டி இருந்த பகுதிக்கு மட்டும் கொடுக்க முடியுமா என்றும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பொருந்தினால் இதயத்துக்குப் போகும் அளவு இன்னும் குறையும்.

அடுத்தது ஐ.சி.டி. அது இருப்பது சிகிச்சை நடக்கும் அதே பக்கத்தில். நேரடிக் கதிர் அதன் மேல் விழக்கூடாது. சிதறி வந்து படும் அளவையும் 2 கிரேக்குள் அடக்கப் பார்ப்போம். அம்மாவுக்கு நெறிகட்டியில் பரவவில்லை, காறை எலும்புப் பகுதிக்குக் கதிர் கொடுக்க வேண்டிய அவசியம் வராது என்பது பெரிய நிம்மதி. அந்தப் பகுதியும் தேவைப்பட்டிருந்தால் கருவியை வலப்பக்கம் மாற்றி வைப்பதைப் பற்றி யோசித்திருப்போம். கதிர் கொடுக்கும் இயந்திரமான லீனியர் ஆக்சிலரேட்டரில் 6 எம்.வி. (மெகாவோல்ட்) ஆற்றலிலேயே சிகிச்சையை முடிக்க வேண்டும். 10 எம்.வி.க்கு மேலே போனால் நியூட்ரான்கள் உண்டாகும், அவை கருவியின் மின்னணுச் சுற்றைக் குழப்பி அமைப்புகளை அழித்துவிடக்கூடும். தொடங்கும் முன் ஒரு தடவை, நடுவில் வாரம் ஒரு தடவை, முடிந்த பிறகு ஒரு தடவை கருவியைச் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். கருவியின் கம்பெனி பெயர், மாடல் எழுதிய அட்டையை முதல் நாளே எடுத்துப் போங்கள். அம்மா அந்தக் கருவியின் துடிப்பை நம்பியே இருக்கிறாரா, இல்லை அது காவலுக்கு மட்டும்தானா என்பதை இதய மருத்துவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் எங்கள் வேலை பாதி சுலபமாகிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கீமோ தேவை என்று யாராவது சொன்னால், டாக்சோரூபிசின், எபிரூபிசின் வகை மருந்துகளைத் தொடங்கும் முன் எல்.எம்.என்.ஏ. விஷயத்தைச் சொல்லுங்கள். அவை இதயத்தசையை நேரடியாகப் பாதிப்பவை. அவை இல்லாத மாற்று மருந்துகள் இருக்கின்றன. கட்டியில் ஹெர்2 என்ற புரதம் அதிகம் (ஹெர்2 பாசிட்டிவ்) என்று வந்து டிராஸ்டுசுமாப் ஊசி போட வேண்டியிருந்தால் எக்கோ பார்த்துப் பார்த்துத்தான் போட வேண்டும். என் கணிப்பில், இந்தக் குடும்பத்துக்குக் கதிர்வீச்சைவிட இந்த மருந்துகள்தான் கவலைக்குரியவை.

இவ்வளவு பாடுபட்டு ஏன் கரண்ட் வைக்க வேண்டும் என்று அம்மா கேட்பார். கட்டியை மட்டும் எடுத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கை ஒன்றாகச் சேர்த்து 2011ல் பார்த்தார்கள். கதிர்வீச்சு பெறாதவர்களில் 35 சதவீதம் பேருக்குப் பத்து ஆண்டுக்குள் நோய் திரும்பியது, பெற்றவர்களில் 19 சதவீதம் பேருக்கு. பதினைந்து ஆண்டில் மார்பகப் புற்றால் இறந்தவர்கள் 25 சதவீதத்திலிருந்து 21 ஆகக் குறைந்தார்கள். இன்றைய மருந்துகளால் இரண்டு பக்க எண்களுமே இன்னும் கீழே வந்திருக்கும், ஆனால் பலன் பலன்தான். 65 வயதைத் தாண்டிய, ஹார்மோன் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடக்கூடிய, மிகச் சிறிய கட்டி உள்ள சிலருக்குக் கதிர்வீச்சு இல்லாமலே விடலாம் என்பது உண்மை. 54 வயதில் அந்த வழியை நான் சொல்ல மாட்டேன். ஐந்து வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். எட்டு வாரத்துக்குள் தொடங்கிவிடப் பாருங்கள். கீமோ இல்லையென்றால் பன்னிரண்டைத் தாண்ட விடக்கூடாது. செலவு பற்றிய யோசனை இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சையும் வருகிறது.

சிகிச்சை நாட்களில் தோல் சிவக்கும், கறுக்கும், அரிக்கும், அசதி இருக்கும். இது எல்லோருக்கும் வருவதுதான். "லேமின் பிழையால்தான் இப்படி ஆகிறது" என்று வீட்டில் யாரும் பயப்பட வேண்டாம். மார்புக்கு அடியில் மடிப்பில் தோல் உரிந்து ஈரமானால் அன்றைக்கே காட்டுங்கள். மயக்கம், படபடப்பு, கருவி ஷாக் கொடுத்தது போன்ற உணர்வு எதுவாக இருந்தாலும் அடுத்த நாள் சொல்லலாம் என்று தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ரத்தத்தை எடுத்து "கதிர்வீச்சைத் தாங்குவீர்களா" என்று பார்க்கும் சோதனைக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். அந்தப் பச்சைப் புள்ளிகளை எண்ணும் முறை ஆராய்ச்சிக்கு அருமையானது, ஆனால் ஒரு தனி மனிதருக்கு எவ்வளவு பக்கவிளைவு வரும் என்று நம்பிச் சொல்ல அது உதவாது.

கடைசியாக உங்களைப் பற்றி. மேமோகிராமில் மார்பின் திசுவுக்குக் கிடைப்பது 3, 4 மில்லிகிரே. அம்மாவின் சிகிச்சை அளவு அதைப் போலப் பத்தாயிரம் மடங்கு. உங்களுக்கு அந்தப் பிழை இருந்தாலும் மேமோகிராம், மார்பு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சிடி எல்லாம் தாராளமாக எடுக்கலாம். எல்.எம்.என்.ஏ. மார்பகப் புற்றை வரவழைக்கும் மரபணுக்களில் ஒன்று இல்லை. ஆகவே 28 வயதில் மேமோகிராமுக்கு அவசரமும் இல்லை. 40ல் தொடங்கினால் போதும், அதற்கு முன் மார்பில் கட்டி எதுவும் தட்டுப்பட்டால் மட்டும் உடனே காட்டுங்கள்.

அவசரம் இருப்பது உங்கள் இதயத்துக்கு. அம்மாவின் பிழை உங்களுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் அப்படியே. இந்த நோய் பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் துடிப்பின் வேகம் குறைவதிலோ ஈ.சி.ஜி.யில் சின்ன மாற்றத்திலோ தொடங்கும், அப்போது உடம்பில் எந்தத் தொந்தரவும் தெரியாது. கல்யாணப் பேச்சு நடக்கும் வயது, இந்த நேரத்தில் மரபணுச் சோதனை எதற்கு என்று வீட்டில் தயங்கலாம். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. சோதனையைப் பற்றி மரபணு ஆலோசகரோடு உட்கார்ந்து பேசி, உங்களுக்குச் சரியென்று படும்போது செய்துகொள்ளுங்கள். ஆனால் ஈ.சி.ஜி., எக்கோ, துடிப்பை 24 மணி நேரம் பதிவு செய்யும் ஹோல்டர் மூன்றையும் அதற்காகக் காத்திருக்க வைக்காதீர்கள். அம்மாவைக் கருவிச் சோதனைக்கு இதய மருத்துவரிடம் கூட்டிப் போகும் அன்றே உங்களுக்கும் எடுத்துவிடுங்கள். மாமாவின் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.